காணவில்லை என்று சொன்னவள்

வெர்னா ஹால்வர்சன் ஒருவரை முகத்துக்கு நேரே குறை சொல்லி எங்கள் அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. ஆனால் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

மாநிலத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் நாங்கள் ஆறு பேர். மருத்துவமனை, எண்ணெய்க் கிணறு, சாலை போடுகிறவர்கள் என்று கதிரியக்கப் பொருள் வைத்திருக்கும் எல்லோருக்கும் உரிமம் எழுதுவது என் மேஜை. அதை ஒழுங்காகப் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்ப்பது பக்கத்து மேஜையில் இருந்த வெர்னா. முன்பு ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையை மூடிய பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தாள். பால் பண்ணைக்காரர் மகள். அறைக்குள் நுழைந்ததும் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்றுதான் முதலில் திரும்பிப் பார்ப்பாள். மாடு வளர்த்த வீட்டுப் பழக்கம்.

சோதனைக்குப் போன இடத்தில் பூட்டு உடைந்திருந்தால், "இந்தப் பூட்டுக்கு வயசாயிடுச்சு போலிருக்கே" என்பாள். உரிமக்காரருக்குப் புரிந்துவிடும். மறுநாளே புதுப் பூட்டு வாங்கிவிடுவார். இங்கே பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. அதற்கு மேல் சொன்னால் சண்டை என்று அர்த்தம்.

இந்த வேலை முன்பு மத்திய அரசுடையது. ஒப்பந்தம் போட்டு மாநிலத்திடம் விட்டிருக்கிறார்கள். விட்டதோடு சரி என்று இருப்பதில்லை. நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு குழு வரும். எங்கள் அலமாரிகளைத் திறக்கும், கோப்புகளைப் படிக்கும், எங்கள் ஆட்கள் சோதனைக்குப் போகும்போது கூடவே வந்து அவர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்க்கும். சம்பந்தி வீட்டார் வந்து சமையலறையைப் பார்க்கிற மாதிரிதான்.

முந்தின முறை குழு வந்தபோது எங்களுக்குக் கெட்ட பெயர். அதற்குக் காரணம் வெர்னா.

மண்ணின் அடர்த்தி பார்க்கும் கருவி என்று ஒன்று உண்டு. சாலை போடும் இடத்தில் மண் நன்றாக இறுகியிருக்கிறதா என்று காட்டும். மஞ்சள் பெட்டிக்குள் இருக்கும். கருவிக்குள்ளே பட்டாணி அளவில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்படி ஒரு பெட்டி வண்டியிலிருந்து விழுந்துவிட்டது என்று உரிமக்காரர் போன் செய்தார். "யாராவது கொண்டுவந்து குடுத்துருவாங்க" என்றும் சொன்னார். வெர்னாவும் அப்படித்தான் நினைத்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அவள் யாருக்கும் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஒரு விவசாயி பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு நாள் தன் கொட்டகையில் வைத்திருந்ததற்கு மன்னிப்புக் கேட்டு, மனைவி சுட்ட பழ அப்பம் ஒன்றையும் கூடக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதை நாங்கள் குழுவிடம் வேடிக்கையாகச் சொன்னோம். யாரும் சிரிக்கவில்லை. விபத்து, இழப்பு நேர்ந்தால் மாநிலம் நடந்துகொள்ளும் விதம் திருப்தியில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு எங்களைக் கண்காணிப்பில் வைத்தார்கள். இதே குறை மறுபடியும் வந்தால் ஒப்பந்தத்தையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று எங்கள் தலைவர் ராஜர் ஐவர்சன் அவ்வப்போது நினைவூட்டுவார். அதாவது இந்த மாநிலத்துப் பெட்டிகளையெல்லாம் தெற்கே எங்கோ இருக்கும் மத்திய அலுவலகம் பார்த்துக்கொள்ளும். நாங்கள் ஆறு பேரும் வீட்டுக்குப் போகலாம். நினைவூட்டும்போது ராஜர் வெர்னாவைப் பார்க்க மாட்டார். வேண்டுமென்றே ஜன்னலைப் பார்ப்பார். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த முறை குழு மார்ச்சில் வந்தது. பனி இன்னும் தரையை விடவில்லை. வெர்னா ஒரு தட்டு நிறைய ஓட்ஸும் சாக்லேட்டும் போட்டுச் சுட்ட துண்டுகளைக் கொண்டுவந்திருந்தாள். குழுத்தலைவர், வழுக்கைத் தலை, மரியாதையான மனிதர், தாங்கள் யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்றார். "உங்களுக்குன்னு யார் சொன்னா? மேஜைக்குக் கொண்டுவந்தேன்" என்று வைத்துவிட்டுப் போனாள். மாலைக்குள் பாதித் தட்டு காலி.

வெர்னாவோடு சோதனைக்குப் போக வந்தவர் ஐரிஸ் பெல்லாமி. நாற்பது வயதிருக்கும். தலைநகரத்துக் காலணிகள், அதிகம் பேசாத முகம். கார் கிளம்பியதுமே தன் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"நான் பார்க்க மட்டும்தான் வர்றேன். நீங்க தப்பே பண்ணினாலும் வாய் திறக்க மாட்டேன். யாருக்காவது ஆபத்துன்னா மட்டும்தான் பேசுவேன்."

"என் மாமியாரும் அப்படித்தான் ஆரம்பிச்சாங்க" என்றாள் வெர்னா.

ஐரிஸ் சிரித்தார் என்று வெர்னா பிறகு சொன்னாள். முழுசாக அல்ல.

அன்று போகவேண்டியது லைல் ஷ்மால்ட்ஸிடம். சின்ன ஊர், சின்னத் தொழில். அவன் ஒருவன்தான் முதலாளி, தொழிலாளி எல்லாம். நெடுஞ்சாலைத் துறைக்கு மண் சோதித்துக் கொடுப்பான். ஒரே ஒரு கருவி. வெர்னாவுக்கும் அவனுக்கும் உறவில்லை. ஆனால் அவன் மனைவி கோனியும் வெர்னாவும் ஒரே சர்ச். ஜனவரியில் வெர்னாவின் கணவன் டுவேனுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, கோனி ஒரு வாரம் விடாமல் அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கும் இறைச்சியும் கண்ணாடிப் பாத்திரத்தில் அனுப்பினாள். கடைசிப் பாத்திரம், அடியில் ஒட்டுநாடாவில் கோனியின் பெயர் எழுதியது, இன்னும் வெர்னா வீட்டு அலமாரியில் இருந்தது. வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்ப முடியாது. எதையாவது சுட்டு நிரப்ப அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

லைலின் கடை திறந்திருந்தது. ஆள் இல்லை. மதிய நேரம், எங்கே இருப்பான் என்பதில் சந்தேகம் கிடையாது. காப்பிக் கடை வாசலில் ஐந்து பிக்கப் வண்டிகள் வரிசையாக நின்றன. ஐந்தும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் குளிரில் அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்பதால் எல்லோரும் சாவியை அதிலேயே விட்டு, ஹீட்டரைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள். மூன்றாவது வண்டி லைலுடையது. பின்னால் தொட்டியில் சங்கிலி சுற்றிய மஞ்சள் பெட்டி.

வெர்னா பார்த்தாள். அவள் பார்த்ததை ஐரிஸ் பார்த்தார்.

சாவி தொங்கும் வண்டியில் அந்தப் பெட்டியை ஆளில்லாமல் விடக் கூடாது. அவள் செய்திருக்க வேண்டியது இதுதான்: உள்ளே போய், லைலை வெளியே அழைத்து, பெட்டியைக் காட்டு என்று கேட்பது. ஆனால் லைல் நாலு பேரோடு உட்கார்ந்து மாவுருண்டை சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதிகாரி வேஷத்தில் போய் ஒருவனை சூப்பிலிருந்து எழுப்பி நிறுத்துவது இங்கே அவனை அறைவதற்குச் சமம். வெர்னா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐரிஸும் உட்கார்ந்தார். காப்பி வந்தது. டுவேனின் முழங்கால் பற்றி விசாரித்தார்கள். யார் வீட்டில் எத்தனை பசு கன்று போட்டது, எது செத்தது என்று பேசினார்கள். மேஜையில் இருந்த ஒருவர் ஐரிஸின் காலணியைப் பார்த்து, இதைப் போட்டுக்கொண்டு பனியில் நடந்தால் பனி உருகி வசந்தத்தில்தான் உங்களைக் கண்டெடுப்போம் என்றார். ஜன்னல் முழுக்க ஆவி படிந்திருந்தது. வெளியே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

லைல் கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, "சரி, வா, உன் பெட்டியைப் பார்த்துரலாம்" என்று எழுந்தான். வெளியே வந்தார்கள்.

நாலு வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது இருந்த இடத்தில் உருகிய பனியில் ஒரு எண்ணெய்ச் சொட்டு.

லைல் பதறவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். "யாரோ எடுத்துட்டுப் போயிருக்கான்" என்றான்.

"யாரு?"

"தெரியல. வேலை முடிஞ்சா வந்துருவான்."

"லைல், பெட்டி அதுல இருக்கு."

"பெட்டியோடதான் வருவான். அதை வச்சு என்ன பண்ணப் போறான், ரொட்டி சுடப் போறானா?"

"அப்ப கருவியைக் காணோம்."

"காணோம்னு யார் சொன்னா? எடுத்தவனுக்கு எங்க இருக்குன்னு தெரியும்ல."

அவன் ஏமாற்றப் பேசவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினான். இந்தப் பக்கத்தில் சாவி தொங்கும் வண்டி, அவசரக்காரனுக்குப் பொது வண்டி. அவரவர் டிராக்டரே அப்படி ஊர் சுற்றி வந்திருக்கிறது. வெர்னா ஐரிஸைத் திரும்பிப் பார்த்தாள். ஐரிஸ் தெருமுனையில் இருந்த தானியக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பேனா இருந்தது. மூடியைக் கழற்றவில்லை.

லைல் வெர்னாவைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். அந்தம்மா காதில் விழக் கூடாது என்று நினைத்தான் போலிருக்கிறது, ஆனால் காற்று அவர் பக்கம்தான் அடித்தது.

"ஒரு மணி நேரம் குடு, வெர்னா. அவ்வளவுதான் கேக்கறேன். நீ போன் பண்ணினா ஷெரீஃபுக்குப் போகும், நெடுஞ்சாலைக்காரங்களுக்குப் போகும். வசந்தத்துல எனக்கு வேலை இருக்காது. முன்னாடி ஒண்ணு விழுந்துச்சே, அது தானா வரலையா?"

"வந்துச்சு" என்றாள் வெர்னா.

கோனியின் பாத்திரங்களைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கோபமாவது வந்திருக்கும் என்று அவள் பின்னால் என்னிடம் சொன்னாள். அவன் தெருவைப் பார்த்தான். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. ஒரு மணி நேரம் பொறுத்தால் வண்டி வந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்ததுதான் கஷ்டம். போன முறையும் அவளுக்கு அப்படித்தான் தெரிந்திருந்தது. போன் செய்தால் இன்னொன்றும் வெளியே வரும்: வண்டி ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே போய் காப்பி குடித்தவள் யார் என்பது.

கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு அலுவலகத்துக்கு அடித்தாள். நான்தான் எடுத்தேன்.

"ராஜர் எங்க?"

"மீட்டிங்ல. அவங்க தலைவரோட."

"வெளியே கூப்பிட்டுக் காதுல சொல்லாதே. உள்ள போய் எல்லார் முன்னாடியும் சொல்லு. லைல் ஷ்மால்ட்ஸோட கருவி, வண்டியோட காணோம். எடுத்தது யாருன்னு தெரியாது. நான் இங்கதான் இருந்தேன்."

கடைசி வாக்கியத்தையும் சொல்லவேண்டுமா என்று கேட்டேன். அதைத்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும் என்றாள்.

அந்தக் கூட்ட அறைக் கதவு வரைக்கும் நடந்ததை நான் மறக்கமாட்டேன். உள்ளே ராஜர் போன நாலு வருஷத்தில் நாங்கள் எவ்வளவு திருந்திவிட்டோம் என்று படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். ராஜர் முகம் வெளுத்தது. ஒரு நிமிஷம் அவர் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு யோசிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். ஜன்னலைப் பார்த்தார். பிறகு மேஜைப் போனை இழுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, மத்திய அரசின் அவசர எண்ணை அவரே அடித்தார். அடுத்தது வட்டாரப் போலீஸ் தலைவரான ஷெரீஃப். குழுத்தலைவர் கோப்பை மூடிவைத்துவிட்டு ஒரு துண்டு இனிப்பை எடுத்து, சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

பத்து நிமிஷத்தில் வானொலியில் வந்துவிட்டது. வெள்ளை நிற பிக்கப், மஞ்சள் பெட்டி, கண்டால் தொடவேண்டாம், தள்ளி நின்று போன் செய்யவும். லைலின் பெயரையும் சொன்னார்கள்.

காப்பிக் கடையில் அந்த அறிவிப்பு வந்தபோது வெர்னா உள்ளே உட்கார்ந்திருந்தாள். வேறு எங்கே போவது. சூப் மேஜைக்காரர்கள் லைலைக் கேலி செய்தார்கள். "இனிமே உன் வண்டியைத் தொட்டா ராத்திரி விளக்கே வேண்டாம்டா, நாமளே எரிவோம்" என்று ஒருவர் சொன்னார்.  கடைக்காரி காப்பிக் கூஜாவோடு மேஜையைச் சுற்றி வந்தாள். எல்லோர் கோப்பையையும் நிரப்பினாள், ஐரிஸுடையதையும் நிரப்பினாள். வெர்னாவின் காலிக் கோப்பைக்குப் பக்கத்தில் வந்ததும் கூஜாவை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

ஐரிஸ் தன் கோப்பையைத் தொடவில்லை.

ரொம்ப நேரம் ஆகவில்லை. வெளியே ஹாரன் அடித்தது. லைலின் வண்டி. ஓட்டி வந்தவன் டெல்மர் குன்ட்ஸ், ஊருக்கு வெளியே மாடு வைத்திருப்பவன். பக்கத்து இருக்கையில், ஹீட்டருக்கு நேரே, அன்று பிறந்த ஈரக் கன்று ஒன்று காலை மடக்கிப் படுத்திருந்தது.

"என்னைத் திருடன்னு சொல்றாங்கடா லைல், உன் வண்டி ரேடியோவே சொல்லுது" என்று இறங்கும்போதே சத்தம் போட்டான். அவன் பசு பனியில் கன்று போட்டிருக்கிறது. அவன் வண்டி பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. நடந்து வந்தவன் கண்ணில் சூடாக ஓடிக்கொண்டிருந்த முதல் காலி வண்டி பட்டிருக்கிறது. கன்று உறைவதற்குள் ஹீட்டர் முன்னால் கிடத்தவேண்டும். உள்ளே வந்து கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. இதில் எந்தத் தப்பும் இங்கே யாரும் காணமாட்டார்கள்.

கடையே சிரித்தது. லைல் வெர்னாவைப் பார்த்து, சொன்னேனா இல்லையா என்று கையை விரித்தான். அந்த ஒரு நிமிஷம்தான் தன் வாழ்க்கையிலேயே தனக்கு மிக நீளமானது என்றாள் வெர்னா. பிரசவத்தை விடவா என்றேன். அதைவிட என்றாள்.

அவள் எழுந்து வண்டியின் பின்பக்கம் போனாள். தொட்டிக் கதவு திறந்து தொங்கியது. ஒரு சங்கிலி கிடந்தது. பெட்டி இல்லை.

சிரிப்பு நின்றது.

"டெல்மர், இங்க ஒரு பெட்டி இருந்துச்சு."

டெல்மர் வந்து எட்டிப் பார்த்தான். "என் வண்டியை இழுக்கச் சங்கிலி வேணும்னு ஒண்ணை உருவினேன். பூட்டு சும்மாதான் தொங்கிட்டிருந்துச்சு. இன்னொண்ணு இருக்கேன்னு விட்டுட்டேன்." அந்த இன்னொன்று பெட்டியின் கைப்பிடி வழியாகச் சுற்றியிருந்தது. கைப்பிடி உடைந்து சங்கிலியோடு கிடந்தது.

லைல் தொப்பியைக் கழற்றினான். இரண்டு பூட்டு போடவேண்டும் என்பது சட்டம். ஒன்று தினமும் உறைந்துபோய்த் திறக்க மறுத்ததால், சில நாளாக அதை அழுத்தாமல் சும்மா மாட்டிவைத்திருந்தான். வேலைக்குத் தாமதமாகிறதே என்று.

டெல்மர் வீட்டுப் பாதை திறந்த வயல் நடுவே போகும் மண் சாலை. காற்று எழும்பியிருந்தது. பனி தரையோடு தரையாகப் புகை மாதிரி ஓடியது. வெர்னா கதிர்வீச்சு அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு அரசுக் காரை நோக்கி நடந்தாள். அப்போதுதான் ஐரிஸ் வாய் திறந்தார்.

"சாவியைக் குடுங்க. நான் ஓட்டறேன். நீங்க ரோட்டைப் பாருங்க."

கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டிக்கொண்டு வெர்னா போனாள். மீட்டர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாது, கருவிக்குள் ஈயக் கவசம் இருக்கிறது, பக்கத்தில் போனால்தான் முள் அசையும். கவசம் உடைந்திருந்தால் தூரத்திலேயே சொல்லும். அது சொல்லாமல் இருப்பது நல்லதா, பெட்டி இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தமா என்று தெரியவில்லை. பின்னால் டெல்மரும் லைலும் கன்றோடு வந்தார்கள்.

ஒரு திருப்பம் தாண்டியதும் மஞ்சள் விளக்கு சுழன்றது. பனி தள்ளும் வண்டி. நடு ரோட்டில் நின்றிருந்தது. ஓட்டுநர் கீழே இறங்கிப் பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு நின்றார்.

"ரேடியோல மஞ்சள் பெட்டின்னு சொன்னாங்க" என்றார். "லைலோட பேரும் வந்துச்சு. அவன் வண்டி இந்தப் பக்கம் போனதைப் பார்த்திருந்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு நிறுத்திட்டேன். அதோ அங்க ஏதோ தெரியுது. பனிக்கட்டின்னு நினைச்சுத் தள்ளியிருப்பேன்."

பனி தள்ளும் இரும்புத் தகட்டுக்கு முன்னால் இரண்டு மாடு நிற்கும் தூரத்தில், குவிந்த பனிக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் மூலை. அந்தத் தகட்டின் உயரம் என் நெஞ்சு வரைக்கும் வரும். எதன் மேல் ஏறினாலும் அது நிற்காது.

எல்லோரையும் இருந்த இடத்திலேயே நிற்கச் சொன்னாள் வெர்னா. அவள் அப்படி உத்தரவு போட்டு லைல் கேட்டதில்லை. மீட்டரை முன்னால் நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் போனாள். முள் மெல்ல எழுந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையால் பனியை விலக்கினாள். பெட்டியின் மூடி பிளந்திருந்தது. கருவியில் சீசியம் பொதித்த கம்பி மேலேயே, பூட்டிய நிலையில், இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. மீட்டர் காட்டியது எப்போதும் காட்டுவதுதான். அதை இரண்டு முறை பார்த்தாள். கசிவு பார்க்க ஒரு துணித்துண்டால் துடைத்து உறையில் போட்டுக்கொண்டாள். பிறகு பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.  ஐரிஸ் தன் தலைநகரத்துக் காலணியோடு பனிக்குள் இறங்கி வந்து கை கொடுத்தார்.

காரின் முன்மூடி மேல் வைத்தே வெர்னா எழுதினாள். இந்த முறை பூட்டுக்கு வயசாகவில்லை.

"லைல், ரெண்டு பூட்டு இருக்கணும். நீ ஒண்ணுதான் போட்டிருந்தே. இது மீறல். எழுதறேன்."

"எழுது" என்றான் லைல். தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "வண்டி ஓடிட்டிருந்ததையும் எழுதுவியா?"

"எழுதுவேன். நான் அதைப் பார்த்துட்டு உள்ள வந்து உட்கார்ந்ததையும்."

அப்படியே எழுதியிருந்தாள். அறிக்கையை ராஜர் படித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்த வரியில் விரலை வைத்து, இது அவசியமா என்று கேட்டார். அந்தம்மா எழுதுகிறாரோ இல்லையோ, நாமே ஏன் கொடுக்கவேண்டும் என்றார். அவள், நான் பார்த்தேனே என்றாள். ராஜர் விரலை எடுத்துக்கொண்டார்.

கடைசிக் கூட்டத்தில் குழுத்தலைவர் முடிவை வாசித்தார். இழப்பு நேர்ந்தால் மாநிலம் நடந்துகொள்ளும் விதம்: திருப்தி. அந்த ஒரு சொல்லுக்காக நாலு வருஷம் காத்திருந்தோம். யாரும் கைதட்டவில்லை, இங்கே தட்டமாட்டோம். ராஜர் மூக்கைச் சிந்தினார். சோதனைகளின் தரத்தில் ஒரு குறிப்பு வைத்தார்கள்: சோதகர்கள் நேரில் காணும் குறையின் மேல் உடனே நடவடிக்கை எடுக்கப் பழகவேண்டும். பெயர் இல்லை. வெர்னா தன் பெயர் இருப்பது போலவே தலையாட்டினாள். ஐரிஸ் பெல்லாமி கிளம்பும்போது மேஜையிலிருந்த தட்டில் கடைசித் துண்டைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்தக் கோடையில் நெடுஞ்சாலைத் துறை லைலுக்கு வேலை கொடுக்கவில்லை. தனியார் வீட்டு அஸ்திவாரங்களைச் சோதித்து ஒப்பேற்றினான். வெர்னா கோனியின் கண்ணாடிப் பாத்திரம் நிறைய எலுமிச்சைத் துண்டுகள் சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். கோனி கதவைத் திறந்தாள், வாங்கிக்கொண்டாள், நன்றி சொன்னாள், கதவைச் சாத்தினாள்.

"உள்ளேருந்து காப்பி வாசனை வந்துச்சு" என்றாள் வெர்னா என்னிடம்.  சர்ச்சில் கோனி வீட்டார் உட்காரும் வரிசை மாறியது.

அடுத்த குளிர்காலத்தில் லைலைச் சோதிக்கும் முறை வந்தபோது வேறு ஆளை அனுப்பலாம் என்று ராஜர் சொன்னார். வெர்னா தானே போவதாகச் சொல்லி, என்னையும் கூட அழைத்துப்போனாள். காப்பிக் கடை வாசலில் வண்டிகள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் அணைந்து, பனி பூத்து, செத்தமாதிரி நின்றது. லைல் அதற்குள் உட்கார்ந்து சாவியைத் திருகிக்கொண்டிருந்தான். வண்டி இருமியது, கிளம்பவில்லை. எங்களைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினான்.

"பாட்டரிக் கம்பி வச்சிருக்கியா?"

வெர்னா காரைக் கொண்டுபோய் மூக்கோடு மூக்காக நிறுத்தி, கம்பிகளை மாட்டினாள். வண்டி கிளம்பியது. லைல் இறங்கிக் கைகளைத் தேய்த்துக்கொண்டான்.

"உன்னாலதான் இது" என்றான். குரலில் கோபமா கேலியா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்குமே தெரிந்திருக்காது. பிறகு கடைக் கதவைத் தலையால் காட்டினான். "வா, சூப் சூடா இருக்கு. கோனியும் உள்ளதான் இருக்கா."

வெர்னா கதவைப் பார்த்தாள். ஆவி படிந்த ஜன்னலைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"வர்றேன்" என்றாள், கம்பியைச் சுருட்டியபடி. "முதல்ல சாவியைக் கையில எடு. அப்புறம் பெட்டியைக் காட்டு."